மூக்குத்தானே எண்டு மட்டும் சொல்லாதீங்க

ரெண்டு கிழமைக்கு முந்தி ஒரு ஞாயிறு பின்னேரம் அக்கா கோல் எடுத்தா.

"தம்பி, சின்னவனுக்கு விளையாடக்குள்ள மூக்கில பந்து பட்டுட்டு. கொஞ்சம் ரத்தம் வந்திச்சு. இப்ப வீங்கிக் கிடக்கு. பயப்பட ஒண்டுமில்ல, மூக்குத்தானே."

மூக்குத்தானே.

இந்த ஒரு சொல்லைக் கேட்டா எனக்கு வாற கோபம் வேற எதுக்கும் வாறதில்ல. கை முறிஞ்சவன ஓட்டோவில ஏத்திக்கொண்டு பறக்கிற சனம், மூக்கு முறிஞ்சா மட்டும் "வீக்கம் வத்தட்டும், தன்னால சரியாகும்" எண்டு வீட்டில இருத்தி வைக்குது. அந்தப் பேச்சோட இருந்ததால நாலு வருசத்துக்கு மேல நான் ஒரு பக்க மூச்சோட திரிஞ்சனான். அதுதான் இண்டைக்கு இருந்து எழுதுறன். நீளமா வரும். வெள்ளாமை வெட்டு முடிஞ்சுது, எனக்கு நேரம் கிடக்கு. நீங்களும் ஒரு தேத்தண்ணியோட இருங்க.

முதல்ல என்ட கதை.

2013 கார்த்திகை. விதைப்புக் காலம். சந்திவெளிப் பக்கமிருந்து மோட்டச்சைக்கிள்ல வீட்ட வாறன். மழை இருட்டு. முறக்கொட்டாஞ்சேனை தாண்டி சித்தாண்டிக்குள்ள வாற இடத்தில, நடு றோட்டில ஒரு கறுப்பு மாடு படுத்திருக்கு. (மாரியில வயலெல்லாம் ஈரம், தார் றோட்டு மட்டும்தான் காய்ஞ்சு கிடக்கும். மாடு வேற எங்க படுக்கும்?) நான் கண்டது கடைசி நேரத்தில. வெட்டி எடுத்தன், மாடு தப்பிட்டுது, நான் விழுந்தன். தலையில ஹெல்மட் இருந்தது, ஆனா முகத்தை மூடாத ஹெல்மட். ஹேண்டில் நேரா மூக்கில.

ஆசுப்பத்திரியில புருவத்தில நாலு தையல் போட்டாங்க. படம் எடுத்தாங்க. "மூக்கெலும்பு வெடிச்சிருக்கு, வீக்கம் குறைய ஒரு கிழமைக்குள்ள மூக்குக் கிளினிக்குக்கு வாங்க" எண்டு ஒரு துண்டும் தந்தாங்க. அந்தத் துண்டு சேட்டுப் பொக்கட்டுக்குள்ள கிடந்து, துவைக்கக்குள்ள கரைஞ்சு போயிட்டு. வட்டையில விதை நெல்லு முளை கட்டிக் கிடந்தது. வீட்டில எல்லாரும் சொன்னதும் அதுதான்: மூக்குத்தானே, பிறகு பாப்பம்.

அந்த "பிறகு"தான் பிழை. பெரியாக்களுக்கு மூக்கெலும்பு உடைஞ்சா ஏழு நாளில இருந்து பதினாலு நாளுக்குள்ள, கத்தி வைக்காம, உள்ளுக்கு ஒரு கருவி விட்டு நிமித்தி எடுக்கலாம். அதுக்குப் பிறகு எலும்பு கோணலாவே ஒட்டிடும். பிள்ளைகளுக்கு இன்னும் வேகமா ஒட்டும், அவங்களுக்கு அஞ்சு, ஏழு நாள்தான் கணக்கு. அஞ்சு நிமிசத்தில முடிஞ்சிருக்க வேண்டிய வேலையை நான் பெரிய ஒப்பரேஷனா மாத்தி வைச்சன்.

வீக்கம் வத்தினாப் பிறகு கண்ணாடியில பாத்தா, மூக்கு நடுவில இருந்து இடப்பக்கம் திரும்பி இருந்தது. அது எனக்குப் பெரிய கவலை இல்ல. கவலையாப் போனது வலப்பக்க ஓட்டை. அந்தப் பக்கம் காத்தே போகாது.

ஒரு பக்கம் அடைச்சா என்ன, மற்றப் பக்கம் இருக்கே எண்டு நினைக்கிறாக்களுக்கு: மூட்டை தூக்கக்குள்ள வாயால மூச்சு. படுத்தா வாயால மூச்சு. காலையில எழும்பினா நாக்கு காய்ஞ்ச தோல் மாதிரி. குறட்டையில பிள்ளைகள் வேற அறைக்குப் போயிட்டுதுகள். சோறு தின்னக்குள்ள, மெல்லுறதா மூச்சு விடுறதா எண்டு ரெண்டில ஒண்டைத்தான் செய்யலாம். அவிச்ச நெல்லு வாசம், புதுச்சட்டித் தயிர் வாசம், எல்லாம் பாதிப் பாதியாப் போயிட்டு.

செய்யாத வைத்தியம் இல்ல. பெத்தா நொச்சியிலை போட்டு ஆவி பிடிக்கச் சொன்னா. சுகமா இருந்தது, கால் மணித்தியாலத்துக்கு. மூக்கு மேல ஒட்டுற பிளாஸ்டர் வாங்கினன், வேர்வையில கழண்டுட்டு. கன்னத்தை விரலால வெளிப்பக்கம் இழுத்தா அடைச்ச பக்கம் கொஞ்சம் திறக்கும், அதையும் கண்டுபிடிச்சன். (டொக்டர்மாரும் இதைத்தான் ஒரு சோதினையாச் செய்யினம் எண்டு பிறகு தெரிஞ்சுது.) ராவில கன்னத்தைப் பிடிச்சுக்கொண்டு படுத்த நாளும் உண்டு.

எல்லாத்திலயும் கெடுதி சொட்டு மருந்து. பாமசியில சும்மா வாங்கலாம், சைலோமெட்டாசோலின் எண்டு பேர் போட்டிருக்கும். விட்டா அஞ்சு நிமிசத்தில மூக்குத் திறக்கும். ஆகா எண்டிருக்கும். அதை ஒரு கிழமைக்கு மேல விட்டா, மருந்து இறங்கினவுடன உள்தோல் முந்தியதை விடக் கூட வீங்கும். திரும்ப விடுவீங்க. திரும்ப வீங்கும். ரெண்டு வருசம் அந்தப் போத்தல் என்ட பொக்கட்டில இருந்தது. கோயிலுக்குப் போனாலும் போத்தல், வயலுக்குப் போனாலும் போத்தல். உங்கட வீட்டில ஆரும் இப்பிடி இருந்தா இண்டைக்கே சொல்லுங்க. அது மூக்கைத் திறக்கேல்ல, மூக்கைக் கட்டி வைச்சிருக்கு.

கடைசியில 2018 தொடக்கத்தில கிளினிக்குக்குப் போனன். காது மூக்கு தொண்டை டொக்டர் ஒரு அம்மா. அவ கேட்ட முதல் கேள்வி எனக்கு விளங்கேல்ல.

"அடைப்பு மாறி மாறி வருதா, இல்லாட்டி எப்பவும் ஒரே பக்கமா?"

இதில ஒரு சுவையான விசயம் கிடக்கு, கொஞ்சம் விலகிப் போறன். சுகமான மூக்கும் ரெண்டு பக்கமும் ஒரே அளவா மூச்சு விடாது. சில மணித்தியாலத்துக்கு ஒரு பக்கம் உள்தோல் வீங்கி ஓய்வெடுக்கும், மற்றப் பக்கம் திறக்கும், பிறகு மாறும். ஜெர்மனியில ரிச்சர்ட் கைசர் எண்டவர் 1895இல இதை எழுதினார். எங்கட சித்தர் மரபில இடகலை, பிங்கலை எண்டு சொல்லி, இப்ப எந்தச் சரம், அதாவது எந்தப் பக்க மூச்சு, ஓடுது எண்டு பாத்து வேலை தொடங்கிற பழக்கம் அதுக்கு எவ்வளவோ முந்தியே இருக்கு. பெத்தப்பா விதைக்கப் போக முதல் மூக்குக்குக் கீழ விரல் வைச்சுப் பாக்கிறதைச் சின்னனில கண்டிருக்கிறன். அப்ப விளங்கேல்ல. இப்ப நினைச்சா மெய் சிலிர்க்குது.

ஆகவே மாறி மாறி அடைச்சா அது இயற்கை, இல்லாட்டி தடிமல், தூசி ஒவ்வாமை. எப்பவும் ஒரே பக்கம் எண்டா, உள்ளுக்குச் சுவர் சரிஞ்சிருக்கலாம்.

அடுத்து, ஒரு தட்டையான உலோகத் தகட்டை என்ட மூக்குக்குக் கீழ பிடிச்சா. "சும்மா மூச்சு விடுங்க." தகட்டில ஆவி படிஞ்சுது. இடப்பக்கம் பெரிய வட்டம். வலப்பக்கம் ஒரு மிளகளவு புள்ளி. "பாத்தீங்களா?" எண்டா. நாலு வருசமா நான் ஆருக்கும் விளங்கப்படுத்த ஏலாமக் கிடந்ததை அந்தத் தகடு ஒரு நொடியில காட்டிச்சு. எனக்குக் கண்ணில தண்ணி வந்திட்டு, உண்மையாச் சொல்லுறன்.

பிறகு விளக்கினா. நான் அதை எங்கட ஊர்க் கணக்கில சொல்லுறன்.

வயல்வாடியை நினைச்சுக்கொள்ளுங்க. நடுவில ஒரு கால், மேல முகட்டு வளை, ரெண்டு பக்கமும் கூரை. மூக்கும் அதுதான். மேல் மூண்டிலொரு பங்கு எலும்பு, அதுக்குக் கீழ எல்லாம் குருத்தெலும்பு. நடுச்சுவர்தான் நடுக்கால். அடிபட்டா கூரையும் சரியும், நடுக்காலும் வளையும். கூரையை மட்டும் நிமித்திக் கட்டினா, வளைஞ்ச கால் அதைத் திரும்ப இழுத்துப்போடும். காலை மட்டும் நிமித்தினா, சரிஞ்ச கூரை காலைத் தள்ளும். அதால என்னைப் போலாக்களுக்கு ரெண்டையும் ஒரே நேரத்தில செய்யவேணும். வெளித்தோற்றமும் மூச்சும் ரெண்டு வேற வேலை இல்ல, ஒரே வாடி.

நடுச்சுவரில வளைஞ்ச துண்டை வெட்டி எடுப்பாங்க. முழுக்க எடுக்கிறதில்ல. மேல் விளிம்பிலயும் முன் விளிம்பிலயும் குறைஞ்சது ஒரு சென்ரிமீற்றர் அகலத்துக்கு, தச்சன் மூலைமட்டம் மாதிரி ஒரு சட்டம் விடவேணும். அதையும் எடுத்தா மூக்கு நடுவில இறங்கிப்போகும். எடுத்த குருத்தெலும்பை எறியிறதும் இல்ல. அதில மெல்லிய சிலாகை சீவி, முகட்டுக்குப் பக்கத்தில வைச்சுத் தைப்பாங்க, வெடிச்ச வளைக்கு நாம துணைக்கம்பு கட்டுற மாதிரி. அது வளைவையும் பிடிச்சு நிமித்தும், காத்துப் போற இடைவெளியையும் அகலமாக்கும். கோணலா ஒட்டின எலும்பைச் சின்ன உளியால திரும்ப அளவா வெட்டி நடுவுக்குக் கொண்டுவருவாங்க.

உளி எண்டவுடன எனக்கு வயிறு கலங்கிச்சு. "உங்களுக்கு ஒண்டும் தெரியாது, முழு மயக்கம்" எண்டா.

பிழைக்கக்கூடியதையும் ஒளிக்காமச் சொன்னா: ரத்தம் போகலாம், கிருமி பிடிக்கலாம், நடுச்சுவரில ஓட்டை விழலாம், குருத்தெலும்பு பழைய வளைவுக்குத் திரும்பப் பாக்கலாம், சிலருக்கு ரெண்டாம் தரமும் செய்யவேண்டி வரலாம். தூசி ஒவ்வாமையை ஒப்பரேஷன் மாத்தாது. இவ்வளவையும் கேட்டுத்தான் கையெழுத்து வைச்சன். உங்களுக்கு ஆரும் "நூறு வீதம் நேராகும்" எண்டு சொன்னா, எழும்பி வாங்க.

சித்திரை வருசம் கழிஞ்சு திகதி கிடைச்சுது. சொட்டு மருந்தை முதலே நிப்பாட்டச் சொன்னா, அந்த ரெண்டு கிழமை நரகம். அஸ்பிரின் குடிக்கிறாக்கள் அதையும் சொல்லவேணும், ரத்தம் லேசில உறையாது.

ஒப்பரேஷன் ரெண்டரை மணித்தியாலம். நோவு நான் பயந்த அளவுக்கு இல்ல, பனடோலுக்குக் கேட்டுது. பாடுபட்டது முதல் ராத்திரி. மூக்குக்குள்ள துணித்திரி அடைச்சிருப்பாங்க. விழுங்கினா காது ரெண்டும் அடைக்கும். வாயால மட்டும் மூச்சு. பக்கத்துக் கட்டில் ஐயா ஒருத்தர் விடியும் வரைக்கும் கரண்டியால எனக்குத் தண்ணி பருக்கினார். அவருக்கே தொண்டையில ஒப்பரேஷன் செய்து கிடந்தது. அவரை நான் மறக்கமாட்டன்.

அடுத்த நாள் திரியை எடுத்தாங்க. உள்ளுக்கு ரெண்டு சிலிக்கோன் தகடு தைச்சிருந்தது, அதில மெல்லிய குழாய் வைச்சிருக்கும், அதால காத்துப் போகும். வெளியால கட்டு. ரெண்டும் ஏழாம் நாள் வரைக்கும்.

கண்ணைச் சுத்திக் கத்தரிக்காய் நிறம். மூக்கு நுனி மரத்துக் கிடந்தது. ஆருமே எனக்கு முன்கூட்டிச் சொல்லாத ஒண்டு: மேல்வரிசை முன்பல்லும் மரத்துப்போச்சு. பல்லுக்கும் மூக்குக்கும் என்ன எண்டு பயந்திட்டன். நடுச்சுவர் வழியாத்தான் அந்த நரம்பு அண்ணத்துக்கு இறங்குதாம். ரெண்டு மாசத்தில உணர்ச்சி வந்திட்டு. நீங்க செய்தா பயப்படாதீங்க.

மூக்குச் சிந்தக்கூடாது. தும்மல் வந்தா வாயைத் திறந்து தும்மவேணும். குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, மூக்குக்கண்ணாடி போடக்கூடாது. நெல்லு மூட்டை ஒண்டரை மாசத்துக்கு மச்சான்மாரின்ட தோளில போச்சு.

உப்புத் தண்ணியால மூக்குக் கழுவுறது பற்றிக் கட்டாயம் சொல்லவேணும். ஒரு கோப்பை தண்ணிக்கு அரைத் தேக்கரண்டி உப்பு. தண்ணியைக் கொதிக்க வைச்சு ஆறவிட்டுத்தான் எடுக்கவேணும். கிணத்துத் தண்ணி சுத்தம்தானே எண்டு நேர விடாதீங்க. குடிச்சா வயித்தில சாகிற கிருமி, மூக்கால ஏறினா மூளைக்குப் போகும். கேரளாவில 2024இல குளத்தில குளிச்ச பிள்ளைகள் அமீபாவால செத்தது இப்பிடித்தான். அபூர்வம்தான், ஆனா வந்தா தப்புறது கஷ்டம். ஒரு கேத்தில் தண்ணி கொதிக்க வைக்கிறது பெரிய வேலையா?

ஏழாம் நாள். தகட்டை உருவி எடுத்தா.

எப்பிடிச் சொல்ல... குளிர்ந்த காத்து ரெண்டு பக்கத்தாலயும் ஒரே நேரம் தலைக்குள்ள போச்சு. டெட்டோல் மணத்துது. அந்த டெட்டோல் மணம்தான் நாலு வருசத்தில நான் முழுசா மணந்த முதல் வாசம். (பிறகு திரும்ப வீங்கி அடைச்சுது, அது வழமை. மாசக்கணக்கில மெல்ல மெல்லத் திறந்திச்சு. மூக்கின்ட உருவம் முழுசா அடங்க ஒரு வருசம் போகும்.) அந்த ஆவணியில எங்கட சித்திர வேலாயுதர் கோயில் திருவிழாவில நிண்டன். கற்பூரம், சாம்பிராணி, நசுங்கின பூ, மழை பட்ட மணல். ஒவ்வொண்டாப் பிரிச்சு மணக்க முடிஞ்சுது. அங்கயும் ஒருத்தர் வந்து கேட்டார்:

"என்ன தம்பி, அழகுக்கு மூக்கு ஒப்பரேஷன் செய்தியாம்?"

இதுதான் எனக்கு வாற ரெண்டாவது கோபம்.

அவரில பிழை இல்ல, எங்கட பாசையே அப்பிடிக் கிடக்கு. வடிவான பிள்ளை எண்டா மூக்கும் முழியுமா. மானம் போனா மூக்குடைஞ்சுது, மூக்கறுந்துது. எல்லாம் வெளிமூக்கு. வரலாறும் அதே. 1650களில மைசூர் அரசன் கந்தீரவ நரசராசன்ட படை மதுரைச் சீமைச் சனத்தின்ட மூக்கை அறுக்க, திருமலை நாயக்கருக்காக இராமநாதபுரத்துச் சேதுபதி போய்த் திருப்பி அறுத்த சண்டைக்குப் பேரே மூக்கறுப்புப் போர்.

அறுத்த கதைதான் எல்லாருக்கும் தெரியும். ஒட்டின கதை தெரியவேணும். சுசுருதர் நூலில கன்னத்துத் தோலை எடுத்து மூக்கு வைக்கிற முறை கிடக்கு. இலையை வெட்டி அளவெடுத்து, தோலை ஒட்டி, உள்ளுக்கு ரெண்டு ஆமணக்குத் தண்டுக் குழாய் வைக்கச் சொல்லுது. ஏன்? மூச்சு விட! என்ட சிலிக்கோன் தகட்டில இருந்த குழாய்க்கும் அந்த ஆமணக்குத் தண்டுக்கும் வேலை ஒண்டுதான். அண்டைக்கே தெரிஞ்சிருக்கு, மூக்கு வைக்கிறது முகத்துக்கு மட்டும் இல்ல எண்டு.

பிறகு கவாஸ்ஜி. ஆங்கிலேயப் படையில மாட்டு வண்டி ஓட்டினவர். 1792 சண்டையில திப்புவின்ட ஆக்கள் பிடிச்சு மூக்கையும் ஒரு கையையும் வெட்டிட்டாங்க. ஒரு வருசம் மூக்கில்லாம இருந்தார். புனேக்குக் கிட்ட செங்கல் சுடுற சாதியில ஒரு வைத்தியர், மெழுகில மூக்கு அச்சுச் செய்து, அந்த அளவுக்கு நெத்தித் தோலை வெட்டித் திருப்பி இறக்கி மூக்கு வைச்சார். 1794இல லண்டனில ஜென்டில்மன்ஸ் மகசீன் எண்ட பத்திரிகையில படத்தோட அந்தச் செய்தி வந்தது. அதைப் படிச்சுத்தான் ஜோசப் கார்ப்யூ எண்ட டொக்டர் 1814இல லண்டனில அதே முறையைச் செய்தார். அந்தச் செங்கல்காரரின்ட பேரை ஒருத்தரும் எழுதி வைக்கேல்ல. எனக்கு அது இண்டைக்கும் மனசுக்குள்ள கிடந்து உறுத்துது.

சரி, சின்னவனிட்ட வாறன்.

அக்கா கோல் வைச்சு கால் மணித்தியாலத்தில நான் அங்க. பதினாலு வயசு. அண்ணாந்து படுக்க வைச்சு நெத்தியில ஐஸ் தண்ணி ஊத்திக்கொண்டிருக்கினம். ரத்தம் எல்லாம் தொண்டைக்குள்ள போகுது. எழுப்பி முன்னால குனிய வைச்சு, மூக்கின்ட மெத்தெண்ட பகுதியை விரலால பத்து நிமிசம் விடாமப் பிடிச்சன். நிண்டுட்டு. தண்ணி மாதிரித் தெளிவா ஏதும் வடியுதா எண்டு பாத்தன். அப்பிடி வடிஞ்சா அது மூளையைச் சுத்தியிருக்கிற நீரா இருக்கலாம், ஒரு நிமிசமும் நிக்கக்கூடாது. அது இல்ல.

ஆனா அண்டு ராவே கூட்டிக்கொண்டு போனன். ஏனெண்டா வெளியால தெரியாத ஒண்டு உள்ளுக்கு இருக்கும். நடுச்சுவரின்ட தோலுக்கும் குருத்தெலும்புக்கும் இடையில ரத்தம் கட்டினா, குருத்தெலும்பு பட்டினி. அதுக்குச் சொந்தமா ரத்தக்குழாய் இல்ல, மூடியிருக்கிற தோலில இருந்துதான் சாப்பாடு. மூண்டு நாலு நாளில செத்துப்போகும். பிறகு மூக்கு நடுவில குழி விழும், வாழ்நாள் முழுக்க. உடனே வெட்டி ரத்தத்தை வெளியேத்தினா ஒண்டும் இல்ல. எங்கட பக்கத்தாக்களுக்கு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில காது மூக்கு தொண்டைக்கெண்டு தனிப் பகுதி கிடக்கு. அரச ஆசுப்பத்திரி, காசு இல்ல. அடிபட்ட மூக்குக்குள்ள லைட் அடிச்சுப் பாக்க ஒரு டொக்டருக்கு ரெண்டு நிமிசம் போதும்.

சின்னவனுக்கு ரத்தக்கட்டு இல்ல. எலும்பு மட்டும் விலகி இருந்தது. வீக்கம் வத்த அஞ்சாம் நாள் வரச்சொல்லி, சின்ன மயக்கம் குடுத்து நிமித்திக் கட்டுப் போட்டாங்க. விட்டிருந்தா பெரிய ஒப்பரேஷனுக்கு முகம் வளர்ந்து முடியும் வரைக்கும், பதினாறு பதினேழு வயசு மட்டும் காத்திருக்கவேணும்.

நேற்று கட்டுப் பிரிச்சாச்சு. அக்கா வீட்டில போய் இருந்தன். சோத்துப் பானை மூடியைக் கழுவித் துடைச்சு, அவன்ட மூக்குக்குக் கீழ பிடிச்சன்.

"சும்மா மூச்சு விடு மனே."

ரெண்டு வட்டம். ஒரே அளவு.

அவனுக்கு அது என்னெண்டு விளங்கேல்ல. "மாமா, எப்ப நான் திரும்ப பெட் பண்ணலாம்?" எண்டு கேட்டான். அக்கா மூடியை வாங்கித் தன்ட மூக்குக்குக் கீழ பிடிச்சா. பிறகு பெத்தா, "இஞ்ச தா கா, நானும் பாப்பம்" எண்டு கையை நீட்டினா.